ஆற்று நீரின் வரவும் செலவும்: ஜொகூர் நீர்ப்பிடிப்புப் பகுதிகள் பற்றிய ஒரு விளக்கம்



திருவள்ளுவப் பெருந்தகை தம் நூலில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை அமைத்தார். இறைவனுக்கு அடுத்த இடத்தை மழைக்குத் தந்த மரபு நம்முடையது. நமது ஆலயங்களில் அபிஷேகம் முதல் அன்னதானம் வரை நீரில்லாமல் எதுவும் நடைபெறுவதில்லை. ஆயினும் குழாயைத் திருகியதும் வரும் இந்நீர் எங்கே பிறந்தது, எவ்வழியே வந்தது, நாளையும் வருமா என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. குழாய் வறண்டு, தண்ணீர் லாரியின் பின்னே வாளியுடன் நிற்கும் நாளில்தான் அந்த எண்ணம் நமக்கு வருகிறது.

ஜொகூர் மாநிலத்தில் மழைமானியையும் ஆற்று அளவுகோலையும் படித்துக் குறிக்கும் பணியில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். பணி ஓய்வுக்குப் பின் அன்பர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். "காட்டை அழித்துச் செம்பனை நட்டதனால்தானே ஆறு வற்றுகிறது?" என்பார் ஒருவர். "அப்படியானால் மரம் நட்டால் ஆற்றில் தண்ணீர் பெருகும் அல்லவா? எங்கள் சங்கத்தின் சார்பில் ஆயிரம் கன்றுகள் நடலாமா?" என்பார் இன்னொருவர். இரண்டும் நல்லெண்ணத்தில் பிறந்த கேள்விகளே. ஆனால் இரண்டுக்கும் விடை, நாம் நினைப்பது போல ஒற்றைச் சொல்லில் அடங்குவதன்று. நன்கொடையாகத் தரப்படும் ஒவ்வொரு ரிங்கிட்டும் உரிய இடத்தில் பயன்பட வேண்டுமானால் அந்த விடையைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நலம். அதற்காகவே இக்கட்டுரை.

நீர்ப்பிடிப்புப் பகுதி என்பது யாது?

வீட்டுக் கூரையில் விழும் மழையெல்லாம் ஒரு தாழ்வாரத் தகரத்தில் வந்து சேர்வதை நாம் பார்க்கிறோம். அதுபோலவே மலை முகடுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் விழும் மழையெல்லாம் ஓடைகளாகி, கிளையாறுகளாகி, ஓர் ஆற்றில் வந்து சேர்கிறது. அவ்வாறு ஓர் ஆற்றுக்கு நீர் தரும் நிலப்பரப்பு முழுவதையும் அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். அதன் எல்லைக்குள் இருக்கும் காடு, தோட்டம், கம்பம், பட்டணம், நெடுஞ்சாலை யாவும் அந்த ஆற்றின் கூரைதான்.

ஜொகூர் ஆற்றை எடுத்துக்கொள்வோம். கெமூரு மலையில் தோன்றித் தெற்கு நோக்கி ஏறத்தாழ 123 கிலோமீட்டர் ஓடி ஜொகூர் நீரிணையில் கலக்கும் இந்த ஆற்றுக்கு சாயோங், லிங்கியு, லெபாம் முதலிய கிளையாறுகள் உண்டு. இதன் நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 2,636 சதுர கிலோமீட்டர். இந்த ஆறு ஜொகூர் மக்களின் தாகத்தைத் தீர்ப்பதுடன், 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை சிங்கப்பூரும் எடுத்துக்கொள்ள வழி செய்கிறது. அந்த ஒப்பந்தம் 2061-ஆம் ஆண்டு வரை நடப்பில் இருக்கும்.

மழையை நாங்கள் மில்லிமீட்டரில் அளப்போம். ஒரு மில்லிமீட்டர் என்பது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால் அது 10 லட்சம் லிட்டர். ஜொகூர் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் கணக்கிட்டால் ஏறத்தாழ 263 கோடி லிட்டர். மேற்சொன்ன 25 கோடி காலனை லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 114 கோடி. ஆக, நிலத்தில் நாம் செய்யும் மாற்றத்தால் ஆற்றில் ஒரு மில்லிமீட்டர் நீர் கூடினாலும் குறைந்தாலும், அது இரண்டு நாள் ஒப்பந்த நீருக்கும் மேற்பட்ட அளவு. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

காட்டின் வரவு செலவு

ஜொகூரில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2,400 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. இது வரவு. இதில் செலவு என்ன?

முதற்செலவு இலைகளில் நிகழ்கிறது. அடர்ந்த காட்டில் சிறு தூறல் பெய்தால் தரை நனைவதே இல்லை. இலைகளிலும் கிளைகளிலும் தங்கும் நீர் அப்படியே ஆவியாகி வானுக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டாவது செலவு வேர்களின் வழியே நிகழ்கிறது. மரம் மண்ணிலிருந்து உறிஞ்சும் நீரை இலைத் துளைகளின் வழியே மூச்சாக வெளியிடுகிறது. இந்த இரு செலவும் சேர்ந்து, மலேசியத் தாழ்நிலக் காடுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 முதல் 1,500 மி.மீ. வரை ஆகின்றன. அதாவது வரவில் பாதிக்கும் மேலானதைக் காடே செலவிட்டுவிடுகிறது. மீதமுள்ளதுதான் ஆற்றுக்கு.

இங்கேதான் அன்பர்கள் பலர் வியப்படைவார்கள். காடு நீரை உண்டாக்குகிறது என்று நாம் பள்ளியில் படித்தோம். உண்மையில் காடு நீரைக் குடிக்கிறது. புல்வெளியும் சிறு பயிரும் குடிப்பதைவிட அதிகமாகவே குடிக்கிறது. ஆழமான வேர், பரந்த இலைப்பரப்பு, ஆண்டு முழுவதும் பசுமை ஆகிய மூன்றும் உள்ள மரத்துக்கு நீர்ச்செலவு அதிகம் என்பது இயல்பே.

அப்படியானால் காடு எதற்கு என்று கேட்கலாம். காட்டின் பெருமையை அறியத் தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். உதிர்ந்த இலைகள், மக்கிய தழை, வேர்கள் குடைந்த துளைகள், புழுவும் கறையானும் அமைத்த வழிகள் எனக் காட்டுத் தரை ஒரு கடற்பஞ்சு போல் இருக்கிறது. கொட்டும் மழையைக்கூட அது மேலே ஓடவிடாமல் உள்ளே வாங்கிக்கொள்கிறது. அவ்வாறு மண்ணுக்குள் போன நீர் மெல்ல மெல்லக் கசிந்து, மழையில்லாத வாரங்களிலும் ஓடைக்கு வந்து சேர்கிறது. இதை அடியோட்டம் என்பார்கள். வறட்சிக் காலத்தில் ஆற்றில் ஓடும் நீர் அனைத்தும் இந்த அடியோட்டமே.

அறக்கட்டளை நிதியைப் பற்றி அறிந்த அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே நாளில் உண்டியலில் விழும் பெருந்தொகை ஒன்று. நிலைவைப்பாகப் போட்டு மாதந்தோறும் வட்டி பெறும் தொகை மற்றொன்று. ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் முதலாவது பெரிதாக இருக்கலாம். ஆனால் நித்திய பூசை தடையின்றி நடப்பது இரண்டாவதினால்தான். ஆற்றுக்கு மண்ணே நிலைவைப்பு, அடியோட்டமே வட்டி.

அளந்து பார்த்தவர்கள் கண்டது

இவை வெறும் ஊகங்கள் அல்ல. அருகருகே உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்து, சில ஆண்டுகள் இரண்டையும் அளந்து, பிறகு ஒன்றை மட்டும் வெட்டி மற்றதை அப்படியே விட்டு ஒப்பிடும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1910-ஆம் ஆண்டு இது முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. அதன் பின் உலகின் பல பகுதிகளில் நடந்த இத்தகைய 94 சோதனைகளை 1982-ஆம் ஆண்டில் பாஷ், ஹியூலட் என்னும் இரு அறிஞர்கள் தொகுத்து ஆராய்ந்தனர். மரப்பரப்பு குறைந்தால் ஆண்டு மொத்த ஓட்டம் கூடும், மரப்பரப்பு கூடினால் ஓட்டம் குறையும் என்பதே பொதுவான முடிவு. பைன், யூகலிப்டஸ் வகை மரங்களின் பரப்பு நூற்றுக்குப் பத்து பங்கு மாறினால் ஆண்டு ஓட்டம் ஏறத்தாழ 40 மி.மீ. மாறும் என்றும் அவர்கள் கணித்தனர்.

நமது நாட்டிலும் இச்சோதனை நடந்தது. நெகிரி செம்பிலானின் பெரெம்புன் மலையில், மலேசிய வனவியல் ஆய்வு நிலையம் மூன்று சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைப் பல ஆண்டுகள் அளந்தது. 1983-ஆம் ஆண்டில் ஒரு பகுதியில் வழக்கமான வணிக முறையில் மரங்களில் 40 விழுக்காடு வெட்டப்பட்டது. மற்றொன்றில் கட்டுப்பாட்டுடன், ஓடைக்கரை மரங்களைத் தொடாமல், பாதைகளைத் திட்டமிட்டு 33 விழுக்காடு வெட்டப்பட்டது. மூன்றாவது பகுதி ஒப்பீட்டுக்காகத் தொடப்படாமல் விடப்பட்டது. முதலாவதில் ஆண்டு நீர் வரத்து 165 மி.மீ., அதாவது 70 விழுக்காடு கூடியது. இரண்டாவதில் 87 மி.மீ., அதாவது 37 விழுக்காடு கூடியது. கூடிய நீரின் பெரும்பகுதி அடியோட்டமாகவே வந்தது என்பது கவனிக்கத்தக்கது. குடிக்கும் மரங்கள் குறைந்தன. மண்ணோ பெரும்பாலும் திறந்தபடியே இருந்தது. அதனால் மிச்சமான நீர் மண்ணுக்குள் போய்ப் பிறகு கசிந்தது.

பகாங்கின் தெக்காம் ஆற்றுப் பகுதியில், காட்டை முற்றிலும் அழித்துக் கொக்கோவும் செம்பனையும் நட்ட நிலத்தில் நடந்த ஆய்விலும் நீர் வரத்து மிகப் பெரிதாக உயர்ந்தது. ஆனால் கூடவே கலங்கலும் வண்டலும் பெருகின. நீரின் அளவு கூடியது என்று மகிழ்வதா, அந்நீர் சுமந்து வந்த மண்ணை எண்ணி வருந்துவதா?

இனி, நம் முன்னோர் பிறந்த தமிழ்நாட்டுக்குப் போவோம். அங்கே இதற்கு நேர்மாறான சோதனை ஒன்று நடந்தது. நீலகிரி மலை இயற்கையில் புல்வெளியும் இடையிடையே சோலைக்காடும் கலந்த நிலம். ஆங்கிலேயர் காலம் தொட்டு விறகுக்காகவும் பிற தேவைகளுக்காகவும் அங்கே யூகலிப்டஸ் என்றும் வழங்கும் நீலகிரித் தைல மரம் பெருமளவில் நடப்பட்டது. உதகை வட்டாரத்தில் கிளென்மார்கன் என்னுமிடத்தில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையத்தினர் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றில் இம்மரத்தை 1972-ஆம் ஆண்டில் நட்டு, மற்றதை இயற்கைப் புல்வெளியாகவே விட்டனர். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பகுதியின் நீர் வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடியிலிருந்து மீண்டும் துளிர்த்த இரண்டாம் சுற்றில் இக்குறைவு மேலும் அதிகமாகி 25 விழுக்காட்டை எட்டியது. வறட்சிக் கால ஓட்டமும் சுருங்கியது. மின் நிலையங்களுக்கு நீர் தரும் மலையில் இது சிறிய இழப்பன்று. மரம் நடுவது எப்போதும் புண்ணியமே. ஆயினும் எந்த மரத்தை எங்கே நடுகிறோம் என்பதை ஆராயாமல் நட்டால் ஆறு நமக்கு நன்றி சொல்லாது என்பதற்கு நீலகிரி சான்று.

ஜொகூர் நிலம் மாறிய வரலாறு

இப்பொழுது ஜொகூருக்குத் திரும்புவோம். இம்மாநிலத்தின் நிலமும் ஆறும் எவ்வளவு பின்னிப் பிணைந்தவை என்பதற்கு ஒரு பழைய செய்தி உண்டு. 1844-ஆம் ஆண்டு முதல் ஜொகூர் ஆட்சியாளர்கள் சீனத் தலைவர்களுக்கு நிலம் வழங்கியபோது, அதை ஆற்றின் பெயராலேயே வழங்கினர். 'சூராட் சுங்கை', அதாவது ஆற்றுப் பத்திரம் என்று அதற்குப் பெயர். ஓர் ஆற்றங்கரைக்கு ஒரு தலைவர். அவர் இருந்த இடம் காங்கார். காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்று இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர்களில் அந்தக் காலம் உறைந்து கிடக்கிறது.

அவர்கள் பயிரிட்டவை மிளகும் காம்பீரும். காம்பீர் இலையைக் காய்ச்சிச் சாறெடுக்க விறகு ஏராளமாக வேண்டும். எனவே பயிரிட்ட நிலத்தோடு சுற்றியிருந்த காடும் போயிற்று. பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் சத்திழந்ததும் அந்நிலத்தைக் கைவிட்டு அடுத்த ஆற்றுக்குப் போனார்கள். இந்த முறை 1917-ஆம் ஆண்டில் சட்டப்படி முடிவுக்கு வந்தது.

அடுத்து வந்தது ரப்பர். 1909-ஆம் ஆண்டில் ஜொகூரின் ஊடே இரயில் பாதை நிறைவடைந்ததும் அதன் இருமருங்கிலும் தோட்டங்கள் எழுந்தன. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்து காடு வெட்டியதும், லயங்களில் குடியிருந்ததும், ஓடைக்கரைகளில் அம்மனுக்கும் முனீஸ்வரருக்கும் சிறு கோயில்கள் எழுப்பியதும் அப்போதுதான். அந்நாளில் தோட்டத் துரைமார்கள் மரத்தடியில் ஒரு புல்கூட இல்லாதபடி சுத்தமாகச் செதுக்கச் சொன்னார்கள். நம்மவர்கள் மண்வெட்டியோடு நாளெல்லாம் செதுக்கினார்கள். வெயிலுக்கும் மழைக்கும் நேராகத் திறந்துவிடப்பட்ட அந்தச் சரிவுகளிலிருந்து மேல்மண் ஓடையோடு போயிற்று. விளைச்சல் குறையக் கண்ட பிறகே கொடிப்பயிர் விதைத்துத் தரையை மூடி வைக்கும் வழக்கம் பரவியது. மரம் நின்றும் மண் போயிற்று என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம். மேலே பச்சையாகத் தெரிந்தால் போதாது; கீழே மூடியிருக்க வேண்டும்.

1960-களுக்குப் பின் ரப்பர் நின்ற இடங்களிலும் புதிதாகத் திறக்கப்பட்ட காட்டு நிலங்களிலும் செம்பனை வந்தது. தென்கிழக்கு ஜொகூரை மேம்படுத்தக் கெஜோரா அமைப்பு 1972-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பெல்டா நிலக் குடியேற்றங்களும் பெருகின. ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது வாழ்வளித்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் கோத்தா திங்கி வட்டாரத்தின் பெருங்காடு அதற்கு விலையாயிற்று.

வளர்ந்து குடை விரித்த செம்பனை நீரைக் குறைவாகக் குடிப்பதில்லை. அதன் செலவு காட்டின் செலவுக்கு அருகில் வருகிறது. ஆகவே ஆண்டு மொத்தத்தைப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம். ஜொகூர் ஆற்றுப் படுகையைக் கணினி மாதிரியில் வைத்துப் பார்த்து 2015-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, ஆண்டு ஓட்டத்தை மாற்றியதில் மழை, வெப்பநிலை ஆகியவற்றின் பங்கே பெரிது, நிலப் பயன்பாட்டின் பங்கு மிகச் சிறிது என்று கண்டது. "அப்படியானால் கவலை இல்லையே" என்று சிலர் கூறலாம். ஆண்டு மொத்தம் என்பது உண்டியல் கணக்கு. அது எந்த மாதத்தில் வந்தது என்பதை அந்தக் கூட்டுத்தொகை சொல்லாது.

செம்பனைக்கு ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு வருகிறது. அப்போது நிலம் மீண்டும் வெறுமையாகிறது. புல்டோசர் ஏறி இறங்கிய இடமும், பழக்குலை ஏற்றிய வாகனம் நாள்தோறும் ஓடும் பாதையும் கல்போல் இறுகுகின்றன. இறுகிய மண்ணில் மழை இறங்காது, அப்படியே வழிந்தோடும். இதற்கும் மேலான மாற்றம் பட்டணம். ஸ்கூடாய், தெப்ராவ் ஆற்றோரங்களில் நேற்று தோட்டமாக இருந்தவை இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் ஆகிவிட்டன. 2006-ஆம் ஆண்டில் இஸ்கந்தர் வட்டார மேம்பாடு தொடங்கியபின் இது மேலும் விரைந்தது. தார் சாலைக்கும் சிமெண்டுத் தரைக்கும் குடிக்கவும் தெரியாது, சேமிக்கவும் தெரியாது. விழுந்த மழை சில மணி நேரத்தில் சாக்கடை வழியே ஆற்றைச் சேர்கிறது. கணக்கில் நீர் வரத்து கூடுகிறது. கைக்கு வரும் நீரோ குறைகிறது.

வெள்ளமும் வறட்சியும்

ஒரே ஆறு இருவிதத் துன்பத்தையும் தர வல்லது என்பதை ஜொகூர் மக்கள் அனுபவத்தில் அறிவார்கள். 2006 டிசம்பரிலும், அடுத்து 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி பட்டணம் ஒரு மாதத்துக்குள் இருமுறை மூழ்கியது. மாநிலம் முழுவதிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங் வட்டாரங்கள் நீரில் நின்றன. அத்தகைய பெருமழையில் மண் முழுவதும் நனைந்து நிரம்பிய பின் காடு இருந்தாலும் வெள்ளம் வரவே செய்யும். காட்டை எல்லாம் வல்ல காவலன் என்று கூறுவது மிகை. ஆனால் ஆண்டுதோறும் வரும் சிறு, நடுத்தர மழைகளில் வெள்ளத்தைத் தணிப்பதும், ஆற்றுப்படுகை வண்டலால் மேடாகாமல் காப்பதும் நல்ல மண் மூடாக்கின் வேலையே. படுகை மேடானால், முன்பு கரைக்குள் அடங்கிய அதே மழை இப்போது கரை தாண்டும்.

மறுபக்கம் வறட்சி. எல் நினோ ஆண்டான 2015-இல் லாயாங், லெபாம் அணைகளின் நீர்மட்டம் அபாய நிலைக்கு இறங்கியது. ஆகஸ்டு மாதத்திலிருந்து கோத்தா திங்கி, பாசிர் கூடாங், ஜொகூர் பாருவின் சில பகுதிகள் ஆகியவற்றில் பங்கீட்டு முறையில் நீர் விநியோகிக்கப்பட்டது. இத்தனைக்கும் அந்த ஆண்டில் மழை இல்லாமல் போய்விடவில்லை. அணைகளுக்கு மேலே, வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் போதிய நீர் சேரவில்லை.

ஜொகூர் ஆற்றுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. அது கடலோடு கலக்கும் ஆறு. மேலிருந்து வரும் நீர் குறைந்தால், கடல்நீர் ஓதத்தோடு ஆற்றில் ஏறிவரும். உப்பு நீர் எடுப்பு நிலையத்தை எட்டிவிட்டால் குடிநீர் எடுக்க இயலாது. ஆகவே வறட்சி மாதங்களில் வரும் அடியோட்டமே கடலை எட்ட நிறுத்தும் காவல். இந்தக் குறையை ஈடுசெய்யவே 1990-ஆம் ஆண்டில் ஜொகூரும் சிங்கப்பூரும் ஓர் ஒப்பந்தம் செய்து, மேற்பகுதியில் லிங்கியு நீர்த்தேக்கத்தை அமைத்தன. மழைக்காலத்தில் தேக்கி, வறண்ட நாளில் திறந்துவிட்டு உப்பைத் தள்ளுவது அதன் பணி. அந்த லிங்கியு நீர்த்தேக்கமே 2016 அக்டோபரில் அதன் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. காட்டு மண் இலவசமாகச் செய்துவந்த வேலையைக் கோடிக்கணக்கான பணத்தில் கட்டிய அணை செய்கிறது. அந்த அணைக்கும் மேலிருந்து நீர் கசிந்து வந்தால்தான் உயிர்.

ஆகவே, முதலில் எழுந்த இரு கேள்விகளுக்கும் இப்போது விடை சொல்லலாம். காட்டை வெட்டினால் ஆறு உடனே வற்றிவிடும் என்பதில்லை. மொத்த நீர் கூடவும் கூடும். மரத்தை நட்டால் ஆறு பெருகும் என்பதும் இல்லை. மொத்த நீர் குறையவும் கூடும். மண் மழையை உள்ளே வாங்குகிறதா, வழியவிடுகிறதா என்பதைப் பொறுத்தே வறண்ட மாதத்தில் நம் குழாயில் நீர் வருவதும் வராததும் அமைகிறது. காட்டு மண் அவ்வாறு உருவாக நூற்றாண்டுகள் ஆயின. அது இறுகிப்போக ஒரு புல்டோசருக்கு ஒரு நாள் போதும். எஞ்சியுள்ள மேற்பகுதிக் காடுகளைக் காப்பது, புதிய காட்டை உண்டாக்குவதைவிடப் பன்மடங்கு பயன் தருவதும் செலவு குறைந்ததும் ஆகும்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் அரசின் கையில் உள்ளன. எனினும் ஆலயங்களும் சங்கங்களும் நன்கொடையாளர்களும் செய்யக்கூடியவை சில உண்டு.

1. ஆற்றங்கரை ஒதுக்கு நிலத்தை மதிப்போம். வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டுதல்படி, 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றுக்கு இருகரையிலும் 50 மீட்டரும், 5 மீட்டருக்குக் குறைந்த சிற்றோடைக்குக்கூட 5 மீட்டரும் விடப்பட வேண்டும். ஆற்றோரக் கோயில்கள் மண்டபத்தையோ வாகன நிறுத்தத்தையோ விரிவாக்கும்போது இந்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

2. மரம் நட விரும்புவோர் ஓடைக்கரையையும் அரிப்புக்குள்ளான சரிவையும் தேர்ந்தெடுக்கட்டும். இம்மண்ணுக்குரிய காட்டு மரங்களையே நடட்டும். நடும் நாளில் படமெடுத்துக்கொள்வதோடு முடியாமல், மூன்று ஆண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்து நிதி ஒதுக்கட்டும். பராமரிக்கப்படும் நூறு கன்றுகள், கைவிடப்பட்ட ஆயிரம் கன்றுகளைவிட மேலானவை.

3. ஆலய வளாகம் முழுவதையும் சிமெண்டு போட்டு மூடுவதைத் தவிர்ப்போம். பிரகாரம் போக மற்ற இடங்களில் புல்லும் சரளைக்கல்லும் இருந்தால் மழை மண்ணில் இறங்கும். நம் முன்னோர் கோயிலோடு குளத்தையும் நந்தவனத்தையும் அமைத்ததன் பயன்களுள் இதுவும் ஒன்று.

4. கூரை மழைநீரைத் தொட்டியில் பிடிப்போம். 500 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 2,400 மி.மீ. மழை விழுந்தால் 12 லட்சம் லிட்டர். அதில் ஒரு பகுதியைப் பிடித்தாலும் வளாகம் கழுவவும் செடிகளுக்கு ஊற்றவும் போதும். குழாய் நீரை மடைப்பள்ளிக்கும் அபிஷேகத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

5. தோட்டங்களில் பொறுப்பில் இருக்கும் அன்பர்கள் மறுநடவின்போது கொடிப்பயிரை முன்கூட்டியே விதைக்கவும், வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கவும், ஓடைக்கரையில் மருந்து அடிக்காமலும் புல் செதுக்காமலும் விடவும் ஆவன செய்யலாம். பெரெம்புன் மலையில் கட்டுப்பாட்டுடன் வெட்டிய பகுதி காட்டிய வேறுபாட்டை இங்கே நினைவுகூர்வது தகும்.

6. பூசை முடிந்த மாலைகளையும் பிளாஸ்டிக் பைகளையும் ஆற்றில் விடுவதை நிறுத்துவோம். தீர்த்தமாக நாம் போற்றும் நீரே அடுத்த ஊரில் இன்னொருவர் வீட்டுக் குடத்தை நிறைக்கிறது.

நிறைவாக ஒரு சொல். 1932-ஆம் ஆண்டில் பூலாய் மலை நீர்த்திட்டம் முழுமை பெற்றபோது, அம்மலையின் நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருந்த காட்டைக் காக்க வேண்டும் என்பதை அன்றைய பொறியாளர்கள் உணர்ந்திருந்தார்கள். அதனால் பட்டணத்துக்கு இவ்வளவு அருகிலும் அம்மலை இன்றும் பசுமையாக நிற்கிறது. அக்காட்டின் நிழலில் கசியும் ஓடைகளை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்து வாய்க்கால்கள் செந்நிறமாகக் கலங்கி ஓடிய மழை நாள்களிலும் அவை தெளிவாகவே ஓடின. மழையே இல்லாத வாரங்களிலும் நிற்காமல் ஓடின. நாம் அடுத்த தலைமுறைக்கு எழுதி வைக்கும் கட்டளைகளுள் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால், அவர்கள் ஏற்றும் விளக்குக்கு எண்ணெயும், செய்யும் அபிஷேகத்துக்கு நீரும் குறைவின்றி அமையும். எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.